நான்கு வண்ணங்களும் கெம்பேயின் சங்கிலியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பள்ளி நாட்களில் தேசப்படத்துக்கு வண்ணம் தீட்டாதவர் நம்மில் அரிது. பொது எல்லை உள்ள இரு நாடுகளுக்கு ஒரே வண்ணம் வரக்கூடாது. ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டால் பாதகமில்லை. இங்கிலாந்தின் மாவட்டப் படத்துக்கு இவ்வாறு வண்ணமிட்ட பிரான்சிஸ் கத்ரிக்கு, எந்தப் படத்துக்குமே நான்கு வண்ணங்கள் போதுமோ என்ற ஐயம் எழுந்தது. அவருடைய தம்பியின் மூலம் 1852இல் அக்கேள்வி கணிதப் பேராசிரியர் டி மார்கனை எட்டியது.

1879இல் லண்டன் வழக்கறிஞர் ஆல்ஃபிரட் கெம்பே ஒரு நிரூபணத்தை வெளியிட்டார். அதைத் தவறிப்போன முயற்சி என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதன்று. ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எந்தப் படத்திலும் ஐந்துக்கு மேற்படாத அண்டை நாடுகளைக் கொண்ட ஒரு நாடு கட்டாயம் இருக்கும். அதை நீக்கிவிட்டு மற்றவற்றுக்கு வண்ணமிட்டு, பிறகு அதைத் திரும்ப வைப்பதே கெம்பேயின் வழி. அண்டை நாடுகள் மூன்று என்றால் நான்காவது வண்ணம் மிஞ்சும். நான்காக இருந்து, சுற்றிவரச் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என நின்றால் என்ன செய்வது? சிவப்பு அண்டையில் புறப்பட்டு, சிவப்பு, நீல நாடுகளின் வழியாக மட்டுமே நடந்து பாருங்கள். எதிரே உள்ள நீல அண்டையை அடைய முடியாவிட்டால், நடந்த பகுதி முழுவதிலும் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றலாம். நடுநாட்டுக்குச் சிவப்பு கிடைத்துவிடும். அடைய முடிந்தால், சிவப்பும் நீலமுமாய்த் தொடரும் அந்த நாடுகளின் சங்கிலியே ஒரு மதிலாகிப் பச்சை அண்டையை மஞ்சள் அண்டையிடமிருந்து பிரித்துவிடுகிறது. ஆகவே பச்சைப் பக்கத்தில் பச்சையையும் மஞ்சளையும் மாற்றிக்கொள்ளலாம். மறுபடியும் சொல்கிறேன்: ஒரு வழி அடைபட்டால், அடைத்த சங்கிலியே மற்றொரு வழியைத் திறந்துவிடுகிறது. இதைவிட அழகான வாதத்தை நான் அதிகம் கண்டதில்லை.

அண்டை நாடுகள் ஐந்தாகும்போது கெம்பே இரண்டு மாற்றங்களை ஒருசேரச் செய்தார். தனித்தனியே இரண்டும் குற்றமற்றவை. ஆனால் ஒரு மாற்றம் நிகழ்ந்ததும் மற்றதற்குக் காவலாக நின்ற மதில் உடைந்துபோகக்கூடும். பதினொரு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாத இந்த ஓட்டையை 1890இல் பெர்சி ஹீவுட் ஓர் எடுத்துக்காட்டுப் படத்தைக் கொண்டு காட்டினார். காட்டியதோடு நில்லாமல், அதே சங்கிலியை வைத்தே ஐந்து வண்ணங்கள் நிச்சயம் போதும் என்று நிரூபித்ததுதான் அவருடைய பெருமை.

கையாலேயே செய்யப்பட்ட பிந்தைய முயற்சிகளைப் பற்றி நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. 1913இல் பிர்காஃப், படத்தின் ஒரு பகுதியைச் சுற்றி வளையமாக நிற்கும் நாடுகளை ஆராய்ந்தார். 1922இல் ஃபிராங்க்ளின் 25 நாடுகள் வரையுள்ள படங்களுக்கு நான்கு வண்ணங்கள் போதும் என்று காட்டினார். 1976இல் ஆப்பெலும் ஹாக்கனும் கணினியின் துணையோடு நான்கு வண்ணத் தேற்றத்தை நிறுவினர். 1997இல் வெளிவந்த எளிய நிரூபணத்திலும் நாடுகள் அடுத்தடுத்து நிற்கும் 633 அமைப்புகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. அவற்றைச் சோதிக்கும் கணினி கையாள்வதும் கெம்பேயின் அந்த வண்ண மாற்றத்தைத்தான். நன்றி, வணக்கம்.