ரெண்டாங் கிளாஸ் பிள்ளை நிஜமாவே வாசிக்குதா? ஒரு வருஷம் நான் பாத்தது

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு வீட்டுப் பின்பக்கத் திண்ணையில இருந்து பேசுதேன். இடவப்பாதி மழை தொடங்கியாச்சு, ஓட்டுல விழுத சத்தம் உங்களுக்கும் கேக்கும்னு நினைக்கேன்.

எனக்க மக ரெண்டாங் கிளாஸ் முடிச்சாச்சு. ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்தா மூணு. எங்க தெருவுல மட்டும் நாலு வீட்டுப் பிள்ளைங்க இப்ப ஒண்ணு முடிச்சு ரெண்டுக்குப் போகுதுங்க. அந்த அம்மாமாரு எல்லாரும் என்னைப் பாக்கும்போது கேக்குத கேள்வி ஒண்ணுதான்: “ரெண்டுல என்ன வரும், பிள்ளைக்கு கஷ்டமா இருக்குமா?” தக்கலை பஸ்ல கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டு இதுக்குப் பதில் சொல்லி முடியாது. அதான் உக்காந்து பேசலாம்னு வந்தேன்.

ஒண்ணாங் கிளாஸ்ல பிள்ளை எழுத்தைப் படிக்கும். ரெண்டுல அந்த எழுத்தெல்லாம் சேந்து வார்த்தையாகணும், வார்த்தை சேந்து மனசுக்குள்ள ஒரு படமா வரணும். அது நடக்குதா இல்லையான்னு மார்க்கைப் பாத்தாத் தெரியாது. எனக்கு ஆகஸ்ட் மாசம் வரைக்கும் தெரியல்லை.

அவ வீட்டுல தமிழ்ப் புத்தகத்தை விரிச்சு வச்சா கடகடன்னு வாசிப்பா. விரல் வரிமேல ஊர்ந்து போகும். நானும் அடுக்களையில நின்னு கேட்டு சந்தோஷப்படுவேன். ஒரு சனிக்கிழமை தக்கலை பஸ் ஸ்டாண்டுல நிக்கோம். எதுக்க ஒரு பஸ் வந்து நின்னுது. “மக்களே, அது எங்க போற பஸ்சுன்னு வாசிச்சுச் சொல்லு”ன்னேன். போர்டுல கொல்லங்கோடுன்னு பெரிய எழுத்துல இருக்கு. அவ பாத்துக்கிட்டே நிக்கா. “கெ”ன்னா. கொஞ்சம் கழிச்சு “கா”ன்னா. பொறவு ஒண்ணும் பேசல்லை, எனக்க கையைப் பிடிச்சுக்கிட்டா.

அன்னைக்கு ராத்திரி அவ தண்ணி மாதிரி ஒப்பிக்கிற பக்கத்தை எடுத்து, கடைசி வரியில ஒரு வார்த்தையில மட்டும் விரலை வச்சேன். அவளுக்க உதடு மெல்ல அசையுது. முதல் வரியில இருந்து மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்து அந்த வார்த்தையை எட்டிப் பிடிக்கா. பிள்ளை அந்தப் பக்கத்தை வாசிக்கவே இல்லை கேட்டியளா, பாட்டு மாதிரி மனப்பாடமா வச்சிருக்கா. அவ யாரையும் ஏமாத்தல்லை. வகுப்புல டீச்சர் சொல்ல, எல்லாரும் சேந்து சொல்ல, காது கூர்மையான பிள்ளைக்கு மூணு நாள்ல பாடம் முழுசும் மனசுல ஏறிரும். அவளுக்கே அதுதான் வாசிப்புன்னு தோணியிருக்கு.

அதனால ரெண்டாங் கிளாஸ் தொடங்கி ஒரு மாசத்துக்குள்ள நீங்களும் வீட்டுல பாருங்க. படத்தைக் கையால மறைச்சுக்கிடுங்க. பக்கத்துக்கு நடுவுல இருந்து ஒரு வார்த்தை, அதுக்கு மேல உள்ள வரியில ஒரு வார்த்தைன்னு பின்னோக்கிக் கேளுங்க. இல்லைன்னா பாடப் புத்தகத்துல இல்லாத ரெண்டு வரியை நீங்களே எழுதிக் குடுங்க. பிள்ளைக்க பேரும் அதுல இருக்கட்டும், ஆசையா வாசிக்கும்.

இப்ப அந்த “கெ”க்கு வாரேன். நான் முதல்ல கோவப்பட்டேன், 12 உயிரும் 18 மெய்யும் ஒப்பிக்கிற பிள்ளைக்கு ‘கொ’ தெரியாதான்னு. டீச்சர்தான் நோட்டுல எழுதிக் காட்டினாவ. ‘கொ’வைப் பாருங்க. கண்ணுக்கு முதல்ல தெரியது கொம்பு, அதுக்கு அப்புறம் க, அதுக்கு அப்புறம் கால். வாய் சொல்ல வேண்டியது முதல்ல ‘க்’, பொறவுதான் ‘ஒ’. கண்ணு இடத்துல இருந்து வலத்துக்கு போகுது, சத்தம் அந்த வழியில வரல்லை. போதாததுக்கு கொம்பும் காலும் ரெண்டு பக்கமும் நின்னு ஒரே சத்தத்தைக் குடுக்குது. பிள்ளை கொம்பையும் க-வையும் சேத்து ‘கெ’ன்னு வாசிச்சு, மிச்சம் நிக்குற காலை என்ன செய்யன்னு தெரியாம ‘கா’ன்னு சொல்லியிருக்கு. அது அறிவில்லாம செய்த தப்பில்லை, கண்ணுக்குத் தெரிஞ்ச வரிசையில அப்படியே வாசிச்சிருக்கு.

நான் செய்தது என்னன்னா, பழைய காலண்டர் தாளுக்க பின்பக்கத்துல க, ச, த, ப, ம எல்லாம் கறுப்புல பெருசா எழுதி வெட்டினேன். கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் மூணையும் சிவப்புல எழுதி வெட்டினேன். நடுவுல கறுப்பை வச்சு “இது யாரு?”ன்னு கேப்பேன். “க்” சொல்லுவா. பொறவுதான் ரெண்டு பக்கமும் சிவப்பை வைப்பேன். கறுப்புக்கு முதல் மரியாதை, அவ்வளவுதான் விதி. தினமும் பத்து நிமிஷம். ரெண்டு வாரத்துல கெ, கே, கொ, கோ நாலும் பிரிஞ்சு தெரிய ஆரம்பிச்சுது. 247 எழுத்தும் உள்ள சார்ட்டை சுவர்ல ஒட்டி தினமும் ஒப்பிக்க வைக்குதது எங்களுக்கு உதவல்லை, அதுவும் இன்னொரு பாட்டாத்தான் ஆச்சு.

அதுக்கு அப்புறம் பஸ் போர்டுதான் எங்களுக்கு வாசிப்புப் புத்தகம். நம்ம ஊர்ப் பேருகளை யோசிச்சுப் பாருங்க. தேங்காப்பட்டணம், பேச்சிப்பாறை, குழித்துறை, களியக்காவிளை, ஆரல்வாய்மொழி, அழகியமண்டபம். ல, ள, ழ மூணும் இருக்கு, ர-வும் ற-வும் இருக்கு, ஒற்றெழுத்து இருக்கு. காசு செலவில்லை, மனப்பாடம் செய்யவும் வழியில்லை, ஏன்னா அடுத்து எந்த பஸ் வரும்னு யாருக்கும் தெரியாது.

வாசிச்சு முடிச்சதும் “என்ன நடந்திச்சு?”ன்னு கட்டாயம் கேளுங்க. ஒரு கதையில ‘வெள்ளம் வந்தது’ன்னு ஒரு வரி. மக சரியா வாசிச்சா. “என்ன வந்துது?”ன்னு கேட்டேன். “குடத்துல வெள்ளம் கொண்டு வந்தாவ”ன்னா. நம்ம வீட்டுல குடிக்குத தண்ணிதானே வெள்ளம்! புத்தகத்துல ஆறு பெருகி ஊருக்குள்ள வருது. அதே மாதிரி நாம மரச்சீனிம்போம், புத்தகம் மரவள்ளிக்கிழங்குங்கும். நாம கொல்லாம்பழம்போம், புத்தகம் முந்திரிங்கும். பிள்ளை சொன்னது தப்புன்னு மட்டும் சொல்லிராதுங்க. “நம்ம வீட்டுல இது, புத்தகத்துல அது”ன்னு ரெண்டையும் குடுங்க. வீட்டுப் பேச்சு தப்புன்னு கேட்டுக்கிட்டே இருந்தா பிள்ளை வகுப்புல வாயே திறக்காது.

எவ்வளவு வேகமா வாசிக்கணும்னும் கேக்காவ. மத்திய அரசு 2021-ல கொண்டுவந்த நிபுண் பாரத் திட்டத்துல, ரெண்டாங் கிளாஸ் முடியும்போது நிமிஷத்துக்கு 45-ல இருந்து 60 வார்த்தை, அர்த்தம் புரிஞ்சு வாசிக்கணும்னு ஒரு இலக்கு இருக்கு. நான் கடிகாரம் வச்சு எண்ணல்லை. தமிழ்ல ‘வீட்டுக்குள்ளேயிருந்து’ன்னா ஒரே வார்த்தை, ‘வா’ன்னாலும் ஒரே வார்த்தை. இதை எண்ணி என்னத்தைக் கண்டுபிடிக்க? தடுக்காம வாசிக்கா, கதையைத் திருப்பிச் சொல்லுதா, அது எனக்குப் போதும்.

எனக்க மக அரசு தொடக்கப் பள்ளியில படிக்கா. அங்க 2022 ஜூன்ல இருந்து எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் நடக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா வச்சு, அவங்கவங்க நிலையில இருந்து சொல்லித் தருவாவ. “உங்க பிள்ளை அரும்புல இருக்கு”ன்னு டீச்சர் சொன்னா மனசு உடைஞ்சிராதுங்க. பிள்ளை எங்க நிக்குன்னு தெரிஞ்சு அங்க இருந்து கையைப் பிடிக்குததுதான் அது. எனக்க மகளும் ஆகஸ்ட்ல அரும்புதான். டீச்சரைப் பாக்கப் போகும்போது “எப்படிப் படிக்கா?”ன்னு கேக்காம, “எந்த எழுத்துல தடுக்கு?”ன்னு கேட்டுப் பாருங்க. வேற மாதிரிப் பதில் வரும்.

கணக்குக்கு வாரேன். இதுலயும் ஒரு இடம்தான் முக்கியம், கடன் வாங்கிக் கழிக்குதது. 52-ல இருந்து 17 போனா? அவ 45-ன்னு எழுதி வச்சிருந்தா. 2-ல 7 போகாது, அதனால 7-ல 2-ஐக் கழிச்சு 5-ன்னு போட்டுட்டா. இது அவளுக்க தோழிமாரு நோட்டுலயும் அப்படியே இருந்துது. கொல்லையில கிடந்த தென்னை ஓலையில இருந்து ஈர்க்கில் கிழிச்சு, ஒடிச்சு, பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். இதோ, இன்னும் டப்பாவுல இருக்கு பாருங்க. அஞ்சு கட்டு, ரெண்டு தனி. “இதுல 17 எடு”ன்னேன். ரெண்டு தனியையும் எடுத்தா, போதல்லை. கட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா, “அவிழ்க்கட்டா?”ன்னு கேட்டா. அந்த ஒரு கேள்வியில கணக்கு முடிஞ்சு போச்சு. 35. ‘கடன் வாங்குதது’ன்னு நாம சொல்லுத வார்த்தையை நான் விட்டுட்டேன். கடன்னா திருப்பிக் குடுக்கணும், இங்க யாரும் குடுக்கதில்லை. கட்டை அவிழ்க்கோம், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. எழுபதும் எண்பதும் பிள்ளை காதுக்கு ஒண்ணு போலத்தான் கேக்கும். தொண்ணூறுல ‘நூறு’ மாதிரி ஒரு சத்தம் வேற. 89-க்கு அடுத்து 100-ன்னு எழுதினா அதுதான் காரணம். சந்தைக்குப் போகும்போது பத்து ரூபாய் நோட்டை எண்ணச் சொல்லுங்க. மட்டிப்பழம் வாங்கி மிச்சத்தை அவ கையிலயே வாங்கட்டும்.

வீட்டுப்பாடம், டியூஷன் பத்தி எனக்கு மனசுல உள்ளதைச் சொல்லுதேன். 2018-ல மெட்ராஸ் ஹைகோர்ட் ஒண்ணு, ரெண்டாங் கிளாஸ் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. அதே வருஷம் நவம்பர்ல மத்திய அரசு, இந்த ரெண்டு கிளாஸ் பிள்ளைக்க பை ஒண்ணரைக் கிலோவுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை போட்டுது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வேற ஒரு ஸ்கூல்ல ரெண்டு முடிச்சா. அவளுக்க பையைக் கடைத் தராசுல வச்சுப் பாத்தோம், 4 கிலோ. சாயங்காலம் அஞ்சரைக்கு டியூஷன், ஏழரைக்கு வீடு, பொறவு மூணு நோட்டு எழுத்து. ஏழு வயசுப் பிள்ளை சாப்பிட்டுக்கிட்டே தூங்குது. இந்த வயசுல ஒரு நாளைக்கு 9 மணி நேரமாவது தூங்கணும். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 2011 கணக்கெடுப்புல எழுத்தறிவுல தமிழ்நாட்டுக்கே முதலா நின்ன மாவட்டம், படிப்புன்னா நமக்கு உயிர். அந்த ஆசையை ஏழு வயசுப் பிள்ளை தலையில ஏத்தி வைக்காதுங்கன்னு கும்பிட்டுக் கேக்கேன்.

உடம்பைப் பத்திச் சுருக்கமாச் சொல்லிருதேன். முன்பல்லு இந்த வருஷத்துல விழுந்து முளைக்கும், பயப்பட ஒண்ணுமில்லை. ஆனா ஆறு வயசையொட்டி கடைசியில முளைக்குத கடவாய்ப்பல்லு பால்பல்லு இல்லை, நிரந்தரப் பல்லு. விழுந்து திரும்ப முளைக்கும்னு நினைச்சு சொத்தையை விட்டிராதுங்க. போர்டுல உள்ளதைத் தப்பாப் பாத்து எழுதிட்டு வந்தா அடிக்கதுக்கு முன்னாடி கண்ணைக் காட்டுங்க.

மனசுதான் எனக்குப் பெரிய விஷயமாப் பட்டுது. ஒண்ணுல இருக்கும்போது எல்லாரும் கூட்டுக்காரி. ரெண்டுல பிள்ளை பக்கத்துல உள்ளவளைப் பாக்கத் தொடங்கும். அவ முதல்ல எழுதி முடிச்சா, அவளுக்கு ஸ்டார் கிடைச்சுது, எனக்குக் கிடைக்கல்லை. செப்டம்பர்ல ஒரு நாள் குளிக்க வைக்கும்போது “அம்மா, நான் மக்கா?”ன்னு கேட்டா. யாரு சொன்னான்னு கேட்டேன். “யாரும் சொல்லல்லை, எனக்கே தெரியும்”ன்னா. எனக்கு தொண்டை அடைச்சுப் போச்சு. அன்னைக்கு நான் ஒண்ணும் புத்திமதி சொல்லல்லை. அவளுக்க பழைய நோட்டையும் புது நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். ஜூன்ல எழுதின ‘தே’யையும் இப்ப எழுதுத ‘தே’யையும் அவளே பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. பொறவு பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிட்டா. அதனால நோட்டு தீந்தா பழைய பேப்பர்காரருக்குப் போட்டிராதுங்க, அந்த வருஷம் முடியுத வரைக்கும் வச்சிருங்க.

இரண்டாம் பருவத்துல மழையும் லீவும் மாறி மாறி வரும். காய்ச்சல், பொறவு டிசம்பர் 3 கோட்டாறு திருவிழா லீவு, சுசீந்திரம் தேர், அரைப்பரீட்சை. பத்து நாள் விட்டா வாசிப்பு பின்னால போகும், எங்களுக்கும் போச்சு. அந்த நாள்ல எங்க மாமிதான் கை குடுத்தாவ. அவியளுக்கு கண்ணு மங்கல், அதனால “எனக்கு வாசிச்சுத் தா பிள்ளை”ன்னு நிஜமாவே கேப்பாவ. மருந்துச் சீட்டு, கல்யாணக் கார்டு, ரேஷன் கடை நோட்டீஸ், எல்லாம் மகதான் வாசிப்பா. நான் கேட்டா பரீட்சை மாதிரி இருக்கும் போல, மாமி கேட்டா உதவி.

இப்ப கொல்லங்கோடு வருது, களியக்காவிளையும் வருது. வௌவால் மட்டும் இன்னும் வரல்லை, ‘வெளவால்’னுதான் வாசிக்கா. அந்த ‘ௌ’வுல பின்னால நிக்குதது பாக்க ‘ள’ மாதிரியே இருக்கு, அவளைச் சொல்லிக் குத்தமில்லை. அதுக்கும் சிவப்புல ஒரு அட்டை வெட்டணும், இன்னைக்கு சாயங்காலம் வெட்டலாம்னு இருக்கேன்.

மழை விட்டிருக்கு. கொடியில துணி கிடக்கு, அடுத்த மழைக்கு முன்னாடி எடுக்கணும். வாரேன்.