முதல் காதல் நாவலை வகுப்பில் நடத்துவது

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம்.

பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் நிறைந்த அறைக்குள் ஒரு காதல் கதையை எடுத்துக்கொண்டு போகத் தயக்கம் இருக்கத்தான் செய்யும். அந்தத் தயக்கத்தில் நம்மில் பலர் காதல் வரும் பக்கங்களை வேகமாகத் தாண்டிவிட்டு, குடும்பம், நட்பு, படிப்பு என்று பேசி முடித்துவிடுகிறோம். சிலர் "இவர்கள் செய்தது சரியா, தவறா?" என்று பட்டிமன்றம் வைக்கிறோம். இரண்டிலும் நாவல் கைநழுவிப் போகிறது. பட்டிமன்றத்தில் எழுந்து பேசும் பிள்ளை பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். அதைச் சொல்வதற்குப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டியதில்லை.

இளையோருக்கான காதல் நாவல்கள் பலவும் 'நான்' என்று தன்மையில் சொல்லப்படுபவை. பதினாறு வயது 'நான்' பார்த்ததைத்தான் நமக்கும் பார்க்கக் கிடைக்கிறது. அந்த 'நான்' எதைத் தவறவிடுகிறது, எதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறது, எதிரே நிற்பவரைத் தன் கனவுக்கு வெளியே உள்ள ஒரு தனி ஆளாக எந்தப் பக்கத்தில் முதன்முதலாகப் பார்க்கிறது? இவற்றைக் கண்டுபிடிக்கப் பழக்குவதுதான் இந்தப் பாடம். வளர்வது என்று நாம் சொல்வதும் இந்த நாவல்களுக்குள் அங்கேதான் நடக்கிறது.

நாவலைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை சொல்கிறேன். நடுவில் எங்காவது திறந்து பத்துப் பக்கம் படியுங்கள். காதலிக்கப்படும் பெண்ணோ பையனோ, கதைசொல்லி எதிர்பார்க்காத ஒரு வார்த்தையாவது பேசுகிறாரா? கதைசொல்லிக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆசை, ஒரு கவலை அவருக்கு இருக்கிறதா? பத்துப் பக்கத்திலும் சிரிப்பதும் தலைகுனிவதும் மட்டுமே செய்கிறார் என்றால் அந்த நாவலை வைத்து நான்கு வாரம் ஓட்ட முடியாது. அடுத்ததாகப் பெற்றோர் பாத்திரங்களைப் பாருங்கள். தடுப்பதற்கென்றே வரும் அப்பா அம்மா இருக்கும் நாவலில் பிள்ளைகளுக்கு வேலை குறைவு. தடுப்பவருக்கும் ஒரு நியாயம் எழுதப்பட்டிருந்தால் வாதம் சூடு பிடிக்கும்.

200 பக்க நாவலுக்கு 20 பாடவேளை போதும். முதல் பாடவேளை அறிமுகம். அடுத்த பதினான்கு, படித்து வந்ததைப் பேச. மூன்று எழுத. கடைசி இரண்டு முடிவுக்கு. அப்படியானால் ஒரு நாளைக்குப் பதினாலு, பதினைந்து பக்கம் வீட்டில் படித்தாக வேண்டும். இந்தக் கணக்கு எங்கே உடையும் என்றால், வகுப்பில் மெதுவாகப் படிக்கும் பிள்ளையிடம்தான். ஆகவே முதல் நாளே எல்லோரையும் ஒரு பக்கம் மௌனமாகப் படிக்கச் சொல்லிக் கடிகாரம் பாருங்கள். இரண்டு நிமிடம் எடுப்பவருக்குப் பதினைந்து பக்கம் அரை மணி நேர வேலை. நான்கு நிமிடம் எடுப்பவருக்கு ஒரு மணி நேரம். அவர் மூன்றாம் நாளே பின்தங்குவார், ஐந்தாம் நாள் படித்தது போல நடிக்கத் தொடங்குவார். அவருக்காக ஒவ்வொரு நாளின் பகுதியிலும் கட்டாயம் படிக்க வேண்டிய ஐந்து பக்கங்களைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். மற்றதை வகுப்புத் தொடக்கத்தில் ஒரு மாணவர் இரண்டு நிமிடத்தில் சொல்லட்டும்.

நாவலை நாம் இரண்டு முறை படித்திருக்க வேண்டும். முதல் முறை பென்சில் இல்லாமல். இலக்கியம் கற்பிப்பதைப் பற்றி எழுதிய அமெரிக்க அறிஞர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938 முதலே வலியுறுத்தி வந்த விஷயம் இது: தகவல் எடுப்பதற்காகப் படிப்பது ஒன்று, படிக்கும் நேரத்தில் அதை வாழ்ந்து பார்ப்பது இன்னொன்று. வாழ்ந்து பார்க்காத ஆசிரியரின் கேள்விகள் வினாத்தாள் வாடை அடிக்கும். இரண்டாம் முறை ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். நடந்தது என்ன, கதைசொல்லி அதற்குக் கொடுக்கும் விளக்கம் என்ன, வேறு என்ன விளக்கம் இருக்கலாம். மூன்றாம் பத்தி நிறைந்திருக்கும் பக்கங்களில்தான் வகுப்பை நிறுத்த வேண்டும்.

இதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்போம். இன்றைய பேச்சுக்காக எழுதிய நான்கு வரி இது:

"அவள் படியிறங்கி வந்தாள். நான் நிற்பது தெரிந்தும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் போனதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மறுநாளும் அதே இடத்தில் நின்றேன்."

பலகையில் எழுதிப் போடுங்கள். முதல் வேலை, கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் அடிக்கோடிடுவது. படியிறங்கி வந்தாள், பார்க்கவில்லை, மறுநாள் நின்றேன் என்று மூன்றுதான் தேறும். 'தெரிந்தும்' என்பதை எப்படியும் பாதி வகுப்பு சேர்த்து அடிக்கோடிடும். அங்கே நிறுத்துங்கள். அவளுக்குத் தெரியும் என்பது இவனுக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு சொல்லில் ஊகம் செய்தியாக மாறி உட்கார்ந்திருக்கிறது. அடுத்து, அவள் பார்க்காமல் போனதற்கு எத்தனை காரணம் இருக்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள். கவனிக்கவில்லை, அவசரம், கூச்சம், பயம், எரிச்சல் என்று வரும். 'பயம்' என்ற சொல்லைப் பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளைதான் சொல்வாள், மெல்லிய குரலில். அதைப் பலகையில் எழுதிவிட்டு நான்காவது வாக்கியத்துக்குப் போங்கள். அவள் பயந்திருந்தால், "மறுநாளும் அதே இடத்தில் நின்றேன்" என்ற வரி இப்போது எப்படிப் படிக்கிறது? அதே வரிதான், ஆனால் அறையே மாறியிருக்கும். பின்தொடர்வதையும் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதையும் காதல் என்று காட்டும் கதைகள் பிள்ளைகளைச் சுற்றி நிறைய இருக்கின்றன. அதற்கு எதிராக நாம் ஒரு மணி நேரம் உபதேசம் செய்வதைவிட இந்த நான்கு வரி ஆழமாக வேலை செய்யும். ஏனென்றால் கண்டுபிடித்தது அவர்கள்.

நாம் கேள்வி கேட்கும் விதத்துக்கு வருகிறேன். "ஏன் உனக்கு இது பிடித்தது?" என்று காதல் காட்சியைப் பற்றிக் கேட்டால் விசாரணை போலிருக்கும், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பிள்ளைகளுக்காக எழுதிய ஆங்கில எழுத்தாளர் எய்டன் சேம்பர்ஸ் 'ஏன்' என்பதை விட்டுவிட்டு, 'சொல்லேன்' என்று தொடங்கச் சொன்னார். பிடித்தது எது, பிடிக்காதது எது, புரியாத புதிர் எது, திரும்பத் திரும்ப வருவது எது என்ற நான்கையும் கேட்கச் சொன்னார். இந்த நாவல்களுக்கு இவற்றில் கடைசி இரண்டும்தான் பொன். கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்து 1974இல் எழுதியது இது: ஆசிரியர் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார். அதை 3 நொடியாக நீட்டினாலே பதில்கள் நீள்கின்றன, பதில் சொல்லாமல் விடுவது குறைகிறது. மனசு சம்பந்தப்பட்ட கேள்விக்கு நான் ஐந்து நொடி என்பேன். மனசுக்குள் எண்ணுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணுங்கள்.

சிரிப்பு வரும். கைபிடிக்கும் இடத்தில், முத்தம் வரும் இடத்தில் பின்வரிசையிலிருந்து வரும். அதட்டினால் அந்தப் பக்கம் ஏதோ தப்பான பக்கம் என்று நாமே முத்திரை குத்தியதாகிவிடும். தாண்டிப் போனாலும் அதேதான். அந்தப் பக்கத்தை எந்த மாணவரையும் வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசித்த பிள்ளையின் குரல் அந்தக் காட்சியோடு ஒட்டிக்கொள்ளும், வருடம் முழுக்கக் கேலிக்கு ஆளாகும். நாமே வாசிக்க வேண்டும், முந்தைய பக்கத்தை வாசித்த அதே வேகத்தில், குரலைத் தாழ்த்தாமல். அந்தக் காட்சிக்கு முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம் சேர்த்து வாசித்தால் சிரிப்பு தானாக அடங்கிவிடும்.

சிரிப்பைவிடக் கெட்டது பெயர் கோர்ப்பது. நாவலின் நாயகி பெயருக்குப் பக்கத்தில் வகுப்புப் பையன் பெயர் மேசையில் எழுதப்பட்டிருக்கும். இதற்கு நம்மிடம் பழைய விதி ஒன்று இருக்கிறது. அகப்பாடலில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. அதை வகுப்பு விதியாக முதல் நாளே சொல்லிவிடுங்கள். இந்த 20 பாடவேளையிலும் நாவலுக்கு வெளியே உள்ள யாருடைய பெயரும் வராது. நம்முடைய அனுபவமும் வராது, ஆசிரியருடையது உட்பட. "உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?" என்ற கேள்வியை நாமும் கேட்க மாட்டோம். பாத்திரத்தின் பின்னால் நின்றுகொண்டு பேச இடம் கொடுத்தால்தான் பிள்ளைகள் உண்மை பேசுவார்கள்.

இலக்கணத்திலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்று பார்த்துத்தான் அகப்பாடலைப் படிக்கிறோம். நாவலின் ஒரு காட்சியைக் கூற்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். கதைசொல்லி ஓர் இரவு தாமதமாக வீடு திரும்புகிறான் என்றால், அதே இரவு அம்மா கூற்றாக, நண்பன் கூற்றாக, அந்தப் பெண்ணின் கூற்றாக. 150 முதல் 200 சொல். நாவலில் இல்லாத புதுச் சம்பவம் எதையும் சேர்க்கக்கூடாது. பேசுபவர் தான் பார்த்ததையும் கேட்டதையும் மட்டுமே சொல்லலாம். இந்த இரண்டாவது விதியில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். கதைசொல்லியின் மனதில் ஓடியதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்தது போல எழுதிவிடுவார்கள். எழுதத் தொடங்கும் முன் தாளின் மேல்பாதியில், அம்மாவுக்கு அன்றிரவு தெரிந்தவை எவை என்று பட்டியல் போடச் சொன்னால் இந்தப் பிழை பெருமளவு தீரும். அந்தப் பட்டியல் மூன்று வரியைத் தாண்டாது. அவ்வளவு கொஞ்சம் தெரிந்துகொண்டு ஒருத்தி விடிய விடிய விழித்திருந்தாள் என்பதைப் பிள்ளைகள் அங்கே பார்ப்பார்கள்.

வளர்ச்சியைக் கையால் தொட்டுப் பார்க்கவும் வழி உண்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு முதல் 20 பக்கம், மறுபாதிக்குக் கடைசி 20 பக்கம் கொடுங்கள். எப்போதும், ஒருபோதும், எல்லோரும், யாருமே போன்ற முழுமைச் சொற்களை ஒரு பக்கமும், சில நேரம், அன்றைக்கு, ஒருவேளை போன்ற சொற்களை இன்னொரு பக்கமும் எண்ணச் சொல்லுங்கள். நன்றாக எழுதப்பட்ட நாவலில் பெரும்பாலும் எண்ணிக்கை இடம் மாறியிருக்கும். மாறவில்லை என்றால் அதுவும் நல்ல கேள்விதான்: இவன் வளர்ந்துவிட்டான் என்று நாவல் சொல்வதை நாம் நம்ப வேண்டுமா? கதைசொல்லி பல வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் நாவலாக இருந்தால், அனுபவித்த 'நான்' ஒரு நிறம், சொல்லும் 'நான்' இன்னொரு நிறம் என்று இரண்டு பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். "அப்போது எனக்குத் தெரியவில்லை" போன்ற வாக்கியங்களில் இரண்டு நிறமும் மோதும்.

திரைப்படமாக வந்த நாவல் என்றால் படத்தை முடிவில் காட்டுங்கள், அதுவும் ஒரே ஒரு காட்சி. முதலிலேயே காட்டினால் நடிகரின் முகம் வந்து உட்கார்ந்துவிடும், பிறகு பிள்ளை படிப்பது நாவலை அல்ல.

பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம், தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு. நாவலின் பெயர், ஏன் இது, எந்தப் பக்கங்களில் என்ன வருகிறது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். பிரதி வேண்டுவோருக்குக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் வீட்டுப் பிள்ளைக்கு அதே கனமுள்ள வேறு நாவல், அதே வேலைகள். நூலக மூலையில் தனியாக உட்கார வைப்பது தண்டனையாகிவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. படித்ததைப் பற்றிய குறிப்பேடு எழுதச் சொன்னால், நீங்கள் எத்தனை விதி போட்டாலும் யாராவது ஒரு பிள்ளை தன் வாழ்க்கையில் நடக்கும் துன்பத்தை அதில் எழுதும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் நாளே சொல்லிவையுங்கள்: எழுதுவதை வகுப்பில் வாசிக்க மாட்டேன், மதிப்பெண் போட மாட்டேன், ஆனால் யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் உதவக்கூடியவரிடம் சொல்லத்தான் செய்வேன். அப்படிப்பட்டவர் யார், பள்ளியில் எங்கே இருக்கிறார் என்பதை நாவலைத் தொடங்கும் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். குறிப்பேட்டை வாங்கிய அன்றே படித்துவிட வேண்டும். ஒரு வாரம் பையில் கிடக்கவிடக் கூடாது.

தேர்வுக்கு, "இக்கதை உணர்த்தும் படிப்பினை யாது?" என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாவலைப் படிக்காதவர்தான் அதற்கு அழகாக எழுதுவார். ஒரு பத்தியை அச்சிட்டுக் கொடுத்து, இதில் கதைசொல்லி உறுதியாகச் சொல்வது எது, அது உறுதியில்லை என்று காட்டும் சொல் எது, வேறு விளக்கம் என்ன என்று கேளுங்கள். பத்து மதிப்பெண்ணில் பத்தியிலிருந்து சான்று காட்டுவதற்கு நான்கு, மாற்று விளக்கத்துக்கு மூன்று, மொழி எப்படி அதைச் செய்கிறது என்பதற்கு மூன்று. காதலைப் பற்றிய கருத்துக்கு மதிப்பெண் கிடையாது, சாதகமாக எழுதினாலும் பாதகமாக எழுதினாலும்.

கடைசி அத்தியாயத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். வகுப்பிலேயே, அவரவர் பிரதியில், மௌனமாகப் படிக்கட்டும். முடித்தவர் மற்றவருக்காகக் காத்திருக்கையில், இருவரும் பிரிந்தார்களா சேர்ந்தார்களா என்பதை விட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது கதைசொல்லி தானாக எடுத்த ஒரு முடிவைப் பக்க எண்ணோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதட்டும். பெயர் எழுத வேண்டாம். சீட்டுகளை வாங்கிக்கொண்டு அன்றைக்கு வகுப்பைக் கலைத்துவிடுங்கள், பேச வேண்டியதை மறுநாள் அந்தச் சீட்டுகளிலிருந்து பேசலாம்.

நன்றி, வணக்கம்.