கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலரேட்டரா, பிரேக்கா?

சரி, அடுத்த கேள்வி. ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, பைக்கில் ஏலகிரி இறங்கும்போது வளைவுக்குள் போன பிறகுதான் வேகம் அதிகம் என்று தெரிகிறது. ஆக்ஸிலரேட்டரை விடுவதா, முன் பிரேக் பிடிப்பதா? முன் பிரேக்கைத் தொட்டாலே விழுந்துவிடுவாய் என்கிறார்கள் நண்பர்கள்."

இதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. வளைவுக்குள் போன பிறகு கேட்கிற கேள்வி தம்பி இது. நம் வீடியோக்களைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் விடாமல் சொல்வது: வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிடுங்கள். வண்டி நிமிர்ந்திருக்கும்போதே இரண்டு பிரேக்கும் பிடித்து, கியரும் இறக்கிவிட வேண்டும்.

டயரின் பிடிப்பு, ஒரே மோட்டார் தண்ணீரை இரண்டு கழனிக்குப் பாய்ச்சுவது மாதிரி. திரும்புவதற்கே பெரும்பகுதி போய்விட்டால் பிரேக்குக்கு மிச்சம் கொஞ்சம்தான். அதே வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் எடுப்பதற்கும் 40-இல் எடுப்பதற்கும் நான்கு மடங்கு பிடிப்பு வித்தியாசம்.

நண்பர்கள் சொன்னது பாதி சரி. சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைத் தாங்குகிற ஷாக் அப்சார்பர், அமுங்கும், வண்டி நிமிர்ந்து வெளிப்பக்கம் ஓடும். மழைக்குப் பிறகு வளைவில் மணல் வந்து படிந்திருக்கும், அதில் முன் சக்கரம் வழுக்கினால் பிடித்து நிறுத்த முடியாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்க ஏபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம்தான். ஆனால் சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது தெரியாது.

ஆக்ஸிலரேட்டரைப் பட்டென்று விட்டாலும் பாரம் முன்னால் தள்ளும். மேலே ஏறும்போது லேசாக, ஒரே சீராகப் பிடித்து, வளைவு விரியும்போது மெதுவாகத் திறக்கலாம். இறங்கும்போது சரிவே இழுக்கும். இரண்டாவது கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். கிளட்ச்சை அழுத்திக்கொண்டு உருளவே கூடாது.

தப்பித் தவறி வேகமாக நுழைந்துவிட்டால்? ஆக்ஸிலரேட்டரை மெல்லக் குறைத்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டு, பார்வையை வளைவு முடிகிற இடத்தில் வையுங்கள். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்கே போகும்.

தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது "எந்த வேகத்தில் நுழைவது?" என்பதுதான். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில். ஏலகிரியில் 14 வளைவு, புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். அங்கே பஸ் மலை ஏறும்போது கவனியுங்கள். டிரைவர் ஹாரன் அடித்து, கியரைக் குறைத்த பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிப்பார். நான் சொல்வதும் அதே வரிசைதான், முதலில் வேகம், அப்புறம் திருப்பம். வளைவில் திரும்ப அவருக்கு ரோடு முழுவதும் வேண்டும். அதனால் ஹாரன் கேட்டால் வளைவுக்கு மேலேயே ஓரமாக நின்றுவிடுங்கள். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி.