காளையைப் பார்த்து எடுப்பதா, அதன் மகள்களைப் பார்த்தா?

சிராவயலில் இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார்: “போன வீடியோவில் லஷ் என்று ஒரு பேராசிரியரைச் சொன்னீர்கள். யார் அவர்? அமெரிக்காக்காரர் போட்ட கணக்கு நம்ம புலிக்குளம் மாட்டுக்கு ஒத்து வருமா?”

நல்ல கேள்வி அண்ணே. ஜே லாரன்ஸ் லஷ், நல்ல மாட்டைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கக் கற்றுக்கொடுத்தவர்; 1896-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். டெக்சாஸில் சில வருஷம் இருந்துவிட்டு, 1930-இல் அயோவா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். அப்புறம் 1966-இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான். பேராசிரியராக இருந்துகொண்டே 1931-இல் சிகாகோவுக்குப் போய், மரபியலைக் கணக்காக்கிய சூவல் ரைட்டின் வகுப்பில் மாணவராக உட்கார்ந்தாரே, அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

அந்தக் காலத்தில் அங்கேயும் கண்காட்சியில் பரிசு வாங்கிய காளைக்குத்தான் மவுசு. லஷ் வேறு மாதிரி கேட்டார்: இந்த மாட்டின் சிறப்பில் பிறப்போடு வந்தது எவ்வளவு, தீவனமும் கவனிப்பும் தந்தது எவ்வளவு?

ஒரு பேச்சுக்கு, மந்தையின் சராசரி கறவை 10 லிட்டர். 14 லிட்டர் தரம் உள்ள தாயையும், அதே தரமான வழியில் வந்த காளையையும் சேர்க்கிறோம். கூடுதல் 4 லிட்டர். கறவையில் மரபின் பங்கு ஏறக்குறைய கால்வாசி. அப்படியென்றால் கன்றுகளில் சராசரியாக 1 லிட்டர்தான் ஏறும். மீதி 3 லிட்டர் தொழுவத்தோடு நின்றுவிடும். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

சரி, காளை கறக்காதே, அதன் தரத்தை எப்படி அறிவது? அதன் மகள்கள் கறப்பதை வைத்துத்தான். ஒரு காளையை நம்ப எத்தனை மகள்களின் கணக்கு வேண்டும் என்றே 1931-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

இந்தக் கணக்கு புலிக்குளத்துக்கும் பொருந்தும். நாம் பார்ப்பது பாலை அல்ல. மஞ்சுவிரட்டுக்கான பாய்ச்சல், உடல்கட்டு, வெயில் தாங்குவது. குணத்திலும் மரபுக்குப் பங்கு உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கிடையில் பல காளைகள் சேர்ந்து மேயும்போது எந்தக் கன்றுக்கு எது தகப்பன் என்றே தெரியாது. தகப்பன் தெரியாமல் லஷ் வந்தாலும் கணக்குப் போட முடியாது.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள்: கன்று பிறந்த தேதி, தாய், சேர்ந்த காளை. பருவத்துக்கு ஒரு காளையை மட்டும் மந்தையில் விட முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் கிடையில் இப்போது எத்தனை காளை ஓடுகிறது என்று எழுதுங்கள் அண்ணே, அதை வைத்து மேலே பேசுவோம்.