கனமான சொல்லை முதலில் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

1990 ஜனவரி 25, இரவு. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போய்க்கொண்டிருந்த அவியான்கா 52 விமானத்தில் 158 பேர் இருந்தார்கள். வானிலை மோசம். தரையிறங்க அனுமதி கிடைக்காமல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே சுற்ற வேண்டியிருந்தது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. துணை விமானி கட்டுப்பாட்டு அறையிடம் 'ப்ரையாரிட்டி', அதாவது முன்னுரிமை, கேட்டார். பிறகு இறங்கப் பார்த்து, முடியாமல் விமானம் மறுபடி மேலே ஏறியது. அப்போது கேப்டன் அவரிடம் ஸ்பானிஷில், நாம் எமர்ஜென்சியில் இருக்கிறோம் என்று சொல் என்றார். துணை விமானி ரேடியோவில் சொன்னது இதுதான்: இன்னொரு முறை முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. எமர்ஜென்சி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் இன்ஜின்கள் நின்றுபோய், லாங் ஐலண்டில் விமானம் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். விழுந்த இடத்தில் தீ பிடிக்கவில்லை. எரிவதற்கு எரிபொருளே மிச்சமில்லை.

அந்தத் துணை விமானிக்கு ஆங்கிலம் தெரியும். அவர் சொன்ன வாக்கியத்தில் பிழையும் இல்லை. ஆனால் எரிபொருள் குறைகிறது என்ற பேச்சு கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதல்ல. மற்ற எல்லா விமானங்களையும் ஒதுக்கி இதற்கு வழிவிட வைக்கக்கூடிய கனமான சொல் வேறு. அது வரவில்லை.

நமக்கும் இந்தப் பழக்கம் உண்டு. உயிர் போகிற அவசரத்தைக்கூட 'கொஞ்சம்' சேர்த்துத்தான் சொல்வோம். 'கொஞ்சம் வாங்களேன், அவருக்கு ஒரு மாதிரி இருக்கு' என்றால் தமிழில் போதும். மீதியை நம் குரல் சொல்லிவிடும். அதையே தொலைபேசியில், முகம் தெரியாத ஒருவரிடம், 'ஹி இஸ் நாட் ஃபீலிங் வெல்' என்று சொன்னால் அவர் காய்ச்சல் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தயக்கத்துக்கு இடமே இருக்கக்கூடாது என்றுதான் 'மேடே' என்ற சொல்லை உண்டாக்கினார்கள். லண்டனின் கிராய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த மாக்ஃபோர்டு 1920களில் தந்த சொல் அது. 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலி. மூன்று முறை சொல்ல வேண்டும்: மேடே, மேடே, மேடே. இரைச்சலில் ஒன்று காதில் விழாவிட்டாலும் அடுத்தது விழும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத அவசரத்துக்கு 'பான்-பான்' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள்.

சரி, நாம் விமானம் ஓட்டப் போவதில்லை. நம் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஆங்கிலம் படித்த ஒரு பையன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். அறையில் கூட இருந்தவர் திடீரென்று சரிந்து விழுந்துவிட்டார். இவன் அவசர எண்ணை அழைத்து 'கிடினஸ்' என்றான். நாம் மயக்கம் என்பதற்கு வழக்கமாகப் போடும் சொல். ஆனால் அது தலைசுற்றல்தான். எதிர்முனையில் இருந்த பெண் 'இஸ் ஹி ப்ரீத்திங்?', மூச்சு விடுகிறாரா என்று கேட்டிருக்கிறார். இவன் காதில் 'ப்ளீடிங்' என்று விழுந்தது. ரத்தம் எதுவும் வரவில்லையே, 'நோ, நோ' என்றான். அந்தப் பெண் உடனே நெஞ்சை அழுத்தச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நல்லவேளையாக, இவன் கை வைப்பதற்குள் விழுந்தவர் கண் திறந்துவிட்டார். இதைச் சொல்லும்போது அவன் குரல் நடுங்கியது. அன்றிலிருந்து என் வகுப்பில் இலக்கணத்துக்கு முன்னால் 'ப்ரீத்திங்', 'ப்ளீடிங்' என்ற இந்த இரண்டு சொற்கள்தான்.

மயக்கம் என்ற ஒரே சொல்லில் நாம் எத்தனையை அடக்கிவிடுகிறோம் பாருங்கள். தலை சுற்றினால் 'டிஸி'. மயங்கி விழுந்து தானாகத் தெளிந்தால் 'ஃபெயின்டட்'. கூப்பிட்டால், தட்டினால், எதற்கும் அசைவில்லை என்றால் 'அன்கான்ஷியஸ்'. மூன்றுக்கும் கிடைக்கும் பதில் ஒன்றல்ல.

'மாட்டிக்கொண்டோம்' என்பதும் அப்படித்தான். வெள்ளம் சூழ்ந்து மாடியில் பத்திரமாக நிற்கிறீர்கள், போக வழியில்லை என்றால் 'ஸ்ட்ராண்டட்'. இடிபாட்டுக்குள் அசைய முடியாமல் கிடந்தால் 'ட்ராப்டு'. மீட்புக்காரர்கள் முதலில் யாரிடம் ஓடுவது என்பதை இந்தச் சொல்லை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். இன்னொன்று: தண்ணீரில் தத்தளிக்கிறவரைப் பார்த்து 'ஹி ட்ரௌன்டு' என்று சொல்லிவிடாதீர்கள். சாதாரணப் பேச்சில் அதற்கு மூழ்கி இறந்துவிட்டார் என்று பொருள். 'ஹி இஸ் ட்ரௌனிங்' என்றால் இன்னும் காப்பாற்றலாம்.

அப்புறம், காதில் விழும் சொற்கள். 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸை ஹையான் சூறாவளி தாக்கியது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. அதில் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. புயல் கடலைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் வருவது அது. டாக்லோபான் நகரத்து மக்கள் பலருக்கு அந்தச் சொல் புரியவில்லை. காற்றுக்குப் பயந்தார்கள், கதவை அடைத்துக்கொண்டார்கள். கடல் வந்தது. 6,000 பேருக்கு மேல் இறந்த அந்தப் பேரிடரில் தப்பியவர்கள் பலர் பிற்பாடு சொன்னது: சுனாமி மாதிரி வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனசு ஆறாது. அறிவியல் சரியாக இருந்தது, அறிவிப்பும் நேரத்துக்கு வந்தது, சொல் மட்டும் போய்ச் சேரவில்லை.

அமெரிக்க வானிலைத் துறை 'வாட்ச்', 'வார்னிங்' என்று இரண்டு அறிவிப்பு தருகிறது. நாம் இரண்டையும் எச்சரிக்கை என்றே மொழிபெயர்த்துவிடுவோம். 'வாட்ச்' என்றால் ஆபத்து வரக்கூடும், தயாராக இருங்கள். 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது, அல்லது இதோ வருகிறது. அப்போது பையை அடுக்கிக்கொண்டு நிற்கக்கூடாது. செய்திகளில் வரும் 'கேஷுவல்டி'யும் கவனிக்க வேண்டியது. காயம்பட்டவர்களும் அதில் சேர்த்தி. அத்தனை பேரும் பலி என்று பரப்பிவிடுகிறோம், சொந்தக்காரர்கள் துடித்துப்போகிறார்கள்.

'இன்ஃப்ளேமபிள்' என்று ஒட்டிய டப்பாவைப் பார்த்தால் விலகி நில்லுங்கள். 'இன்கரெக்ட்' மாதிரி முன்னால் 'இன்' வருவதால் தீப்பிடிக்காதது என்று தோன்றும். எளிதில் தீப்பிடிப்பது என்றுதான் பொருள். 'ஃப்ளேமபிள்' என்றாலும் அதே பொருள்தான்.

உட்காருவதற்கு முன் எல்லோரும் என்னோடு சேர்ந்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் எங்கே இருக்கிறீர்கள் என்பது. லைன் துண்டித்துப்போனாலும் ஆள் வந்துவிடும். இடத்தைச் சொன்னதும் முதலில் வர வேண்டியது கனமான சொல். 'சாரி'யும் வேண்டாம், 'ப்ளீஸ்' சொல்லித் தொடங்கவும் வேண்டாம். 'ஹி இஸ் அன்கான்ஷியஸ். ஹி இஸ் நாட் ப்ரீத்திங்.' பின்வரிசையில் இருப்பவர்கள் குரல் கேட்கவில்லை. இன்னொரு முறை, சத்தமாக.