கடலைப் பருப்பும் ஃபேஸ்புக்கும்

நேயர்களே, வணக்கம். பர்மாவில் நம்மைப் போன்ற இந்திய வம்சாவளியினரையும் முஸ்லிம்களையும் 'கலா' என்பார்கள். சொல்கிற தொனியிலேயே அது வெறும் பெயரா வசவா என்று நமக்குத் தெரிந்துவிடும். கடலைப் பருப்பு அங்கே 'கலாபே', நாற்காலி 'கலாதைங்'. 2017-இல் ஃபேஸ்புக் 'கலா' என்ற சொல்லை வெறுப்புப் பேச்சு என்று தடுக்கப் போக, பருப்பையும் நாற்காலியையும் பற்றி எழுதியவர்களின் பதிவுகளும் சேர்ந்து காணாமல் போயின. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே நிறுவனத்தின் மொழிபெயர்ப்பு, 'கண்ணில் படும் கலாக்களையெல்லாம் கொல்லுங்கள்' என்ற பர்மியப் பதிவை 'மியான்மரில் எனக்கு வானவில் இருக்கக் கூடாது' என்று காட்டியதை ராய்ட்டர்ஸ் 2018-இல் அம்பலப்படுத்தியது. பருப்பைப் பிடித்தார்கள், கொலையை விட்டுவிட்டார்கள்.

2014-இல் பர்மாவில் சிம் கார்டு 1,500 சாட்டுக்கு (சாட் என்பது அங்கத்திய பணம்) வந்தது. அதற்கு முன் அது பணக்காரர் வீட்டுச் சாமான். கடைக்காரரே போனில் ஃபேஸ்புக்கை ஏற்றிக் கொடுத்துவிடுவார். அப்போது நம் சனங்களுக்கு இன்டர்நெட் என்றாலே அதுதான். அந்த ஜூலையிலேயே மாண்டலேயில், முஸ்லிம் டீக்கடைக்காரர் ஒரு பௌத்தப் பெண்ணைக் கெடுத்தார் என்ற செய்தி பரவியது. முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்குப் பேர்போன பௌத்தத் துறவி விராத்து அதைப் பகிர்ந்தார். கலவரத்தில் 2 பேர் செத்தார்கள். அப்புறம் பார்த்தால் புகாரே பொய்.

இந்த வெறுப்புக்கு ஆள் பிடிப்பது என்றால் மேடை போட்டு அழைப்பார்கள் என்று நினைக்காதீர்கள். ராணுவம் இதற்கென்றே சுமார் 700 பேரை வைத்திருந்ததாக 2018-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பாடகர், அழகி என்று ரசிகர் பக்கம் தொடங்குவார்கள். பாட்டும் படமும் போட்டுக் கூட்டம் சேர்ப்பார்கள். கூட்டம் சேர்ந்த பிறகு, அழகியின் புடவைக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் விஷத்தை வைப்பார்கள். பாட்டுக்காக வந்தவர் எப்போது மாறினார் என்று அவருக்கே தெரியாது.

எனக்கு மறக்காதது 2017 செப்டம்பர் 11. பௌத்தர்களின் போனுக்கு, முஸ்லிம்கள் இன்று தாக்கப் போகிறார்கள் என்று தகவல். முஸ்லிம்களின் போனுக்கு, பௌத்தர்கள் உங்களுக்கு எதிராகத் திரளுகிறார்கள் என்று இன்னொன்று. இரண்டும் ராணுவ உளவுப் பிரிவின் வேலை என்று பிறகு செய்தி வந்தது. ரங்கூனில் என் வீட்டுக்குக் கீழே நம் பாய் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். எதிரே பர்மியக்காரரின் மொய்ங்கா கடை, அதாவது மீன் குழம்பு நூடுல்ஸ் கடை. இரண்டு கடைக்கும் நான் வாடிக்கை என்பதால் இரண்டு தகவலையும் படித்துவிட்டேன். பெயர்தான் மாறியிருந்தது, பயம் ஒன்றுதான். இரண்டையும் அப்போதே பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கலாம். எனக்கும் பயம், காட்டவில்லை.

அன்று மாலை பாய் கடையை 7 மணிக்கே சாத்தினார். அதைப் பார்த்து மொய்ங்காக்காரரும் சாத்தினார். பத்து வருஷமாக ஒருவருக்கொருவர் சில்லறை மாற்றிக்கொண்டவர்கள், அன்று இரவு முழுக்கக் கதவிடுக்கில் எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.