யுவாசா கென் மறந்துபோன 14 பேர்

எல்லோருக்கும் வணக்கம். போர்க்குற்றவாளி என்றதும் ரத்தவெறி பிடித்த ஒரு முகம்தான் நம் மனதில் வரும். நான் இன்று சொல்லப்போகும் யுவாசா கென் அந்த ரகம் இல்லை. டோக்கியோவில் ஒரு மருத்துவரின் பிள்ளை. தானும் மருத்துவம் படித்தவர். 1942இல் ஜப்பானிய ராணுவ மருத்துவராகச் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் ஒரு ராணுவ மருத்துவமனைக்குப் போனார்.

போன கொஞ்ச நாளிலேயே அறுவைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். பயிற்சிக்கு வைத்திருந்தது பிணங்களை அல்ல, உயிரோடிருந்த இரண்டு சீனர்களை. அதில் ஒருவர் வயதான விவசாயி. மேசையில் படுக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். ஒரு நர்ஸ் அவருடைய மொழியிலேயே, "மருந்து போடுவோம், வலிக்காது" என்று தாஜா செய்தார். பாவம், நம்பிப் படுத்துவிட்டார். அந்த நர்ஸ் யுவாசா பக்கம் திரும்பி நாக்கை நீட்டிக் காட்டினார், 'எப்படி என் சாமர்த்தியம்' என்கிற மாதிரி. அப்புறம் நோயே இல்லாத குடல்வாலை அறுத்தார்கள், கையை வெட்டினார்கள். யுவாசா தொண்டையில் துளையிட்டுப் பழகினார்.

முதல் தடவை பயந்தேன், இரண்டாம் தடவை பழகிவிட்டது, மூன்றாம் தடவை நானே முன்வந்தேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இப்படி அவர் பங்கெடுத்து அறுக்கப்பட்டவர்கள் மொத்தம் 14 பேர்.

போர் முடிந்தும் சீனாவிலேயே தங்கியவரை 1951இல் சீன அரசு பிடித்தது. செய்த குற்றங்களை எழுது என்றபோது அவருக்குப் பலதும் நினைவிலேயே இல்லை. மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை, உறுத்தியிருந்தால்தானே நினைவிருக்கும்? பிறகு கொல்லப்பட்ட ஒருவரின் தாய் எழுதிய கடிதத்தைக் காட்டினார்கள். மகனை ஏற்றிப்போன வண்டியின் பின்னாலேயே ஓடிய தாய், யுவாசாவைக் கடுமையாகத் தண்டிக்கச் சொல்லியிருந்தார். அதுவரை 'பயிற்சிப் பொருளாக' இருந்தவனுக்கு ஒரு வீடும் அம்மாவும் இருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

1956இல் வழக்கில்லாமலே விடுவித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியக் கைதிகளுக்குச் சீனா அப்படித்தான் செய்தது. 45 பேர் மீதுதான் வழக்கு. ஒருவருக்கும் மரண தண்டனை இல்லை.

ஊர் திரும்பியதும் பழைய சகாக்கள் விருந்து வைத்தார்கள். "நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள்? உங்களை ஏன் பிடித்து வைத்தார்கள்?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் யார்? அந்த மருத்துவமனையில் அவரோடு வேலை பார்த்த மருத்துவர்களும் நர்சுகளும்! அவர்கள் நடித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அவர்களுக்கும் மறந்துபோயிருந்தது.

சரி, இனி இவரும் வாயை மூடிக்கொண்டு கிளினிக் நடத்தியிருக்கலாம். கிளினிக்கும் நடத்தினார், மேடை மேடையாகப் போயும் பேசினார். மிரட்டல் கடிதங்கள் வந்தன, விடவில்லை. 'போர் கொடியது' என்று பொதுவாகப் பேசி இறங்கிவிடுகிற ஆளாக இருந்திருந்தால் யாரும் மிரட்டியிருக்க மாட்டார்கள். எந்தக் கையை, யார், எதற்காக வெட்டினார்கள் என்று வரிசையாகச் சொன்னார். 2010இல் இறக்கும்போது அவருக்கு 94 வயது. இந்த வேலையில் கைவைத்த மருத்துவர்களும் நர்சுகளும் ஆயிரம் பேராவது இருப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. அவர்களில் வாய் திறந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.